‘விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்’ என்றால் எந்தக் கட்டத்தில் சொல்கிறார்கள்?

2023 ஜூலை 22. தென்கொரியாவைச் சேர்ந்த ஆய்வுக்குழு ஒன்று ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் இரண்டு கட்டுரைகளை ஏற்றியது. ஈயம், செம்பு, பாஸ்பரஸ், ஆக்சிஜன் எல்லாம் சேர்ந்து சூளையில் வெந்து வரும் ஒரு பொருள். பார்ப்பதற்கு அடுப்புக்கரித் துண்டு மாதிரி இருக்கும். பெயர் எல்கே-99. சாதாரணக் காற்றழுத்தத்தில், 127 டிகிரி செல்சியஸ் வரைக்கும்கூட அது துளித் தடையும் இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது என்பது கட்டுரைகளின் கூற்று. இப்படிக் கடத்தும் பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர். 1911 முதலே மீக்கடத்திகள் தெரியும். ஆனால் கடுங்குளிரிலோ நசுக்கியெடுக்கும் அழுத்தத்திலோ வைத்தால்தான் அவை வேலை காட்டும். சாதாரண அறையில் வேலை செய்யும் ஒன்று கிடைத்தால், கம்பியில் வீணாகும் மின்சாரம் முதல் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வரை பலதும் மாறும்.

அடுத்த மூன்று வாரம் திருவிழாதான். மீக்கடத்தி காந்தத்தின் மேல் மிதக்கும் என்பதால், காந்தத்தின் மேல் அந்தக் கரித்துண்டின் ஒரு முனை தொட்டுக்கொண்டிருக்க, மறுமுனை அந்தரத்தில் நிற்கும் சின்ன வீடியோ எங்கும் சுற்றியது. ஒரு பொறியாளர் தானே அதைத் தயாரிக்க முயல்வதை நேரலையில் காட்டினார். ஆகஸ்ட் நடுவாக்கில் கதை முடிந்தது. மாதிரியில் கலந்திருந்த செம்பு சல்பைடு என்ற அசுத்தம் 104 டிகிரிக்கு அருகே தன் நிலையை மாற்றிக்கொள்ளும். அப்போது மின்தடை சட்டென்று விழும். கட்டுரையில் இருந்த வீழ்ச்சி அதுதான். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் அசுத்தம் இல்லாத படிகமாக வளர்த்துப் பார்த்தபோது, மீக்கடத்தி என்ற பேச்சுக்கே இடமில்லை. அது மின்சாரத்தை விடவே விடாத காப்பான் என்று தெரிந்தது.

வேடிக்கை பார்த்தவர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். முதலில் சொன்னவர்கள் பொய் சொன்னார்களா? நேற்று ஒன்று, இன்று ஒன்று என்றால் எதைத்தான் நம்புவது?

ஆய்வாளர்கள் ஒருவர் முடிவை ஒருவர் கிண்டிக் கிளறிப் பார்க்கும் பேச்சு எப்போதும் நடப்பதுதான். முன்பெல்லாம் அது கருத்தரங்கக் கூடத்திலும் கடிதத்திலும் நடந்தது. முடிந்த பிறகு நமக்குச் செய்தி வரும். இப்போது அதே பேச்சு நம் கைப்பேசித் திரையில் நேரலையாக ஓடுகிறது. பாதிப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு அதையே தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் பிறக்கிறது. ஆகவே ஒரு முடிவு எந்தெந்தக் கட்டங்களைக் கடந்து வருகிறது, ஒவ்வொரு கட்டத்திலும் யார் எதைச் சோதிக்கிறார்கள் என்பதில் தொடங்குவோம்.

ஒரு முடிவு கடந்து வரும் கட்டங்கள்

1. பேச்சு. ஆய்வுக்கூடத்துக்குள் நடக்கும் வாராந்திரக் கூட்டம், பிற துறைகளில் நடத்தும் கருத்தரங்கு, மாநாட்டில் பத்து நிமிட உரை. முடிவு இன்னும் ஈரம் காயாமல் இருக்கும். உரையாற்றுபவரே "இதை இன்னும் ஒருமுறை அளக்க வேண்டும்" என்று சொல்வது சகஜம்.

2. முன்பதிப்பு. ஆய்வாளர்கள் வாயில் ப்ரீபிரிண்ட். எழுதி முடித்த கட்டுரையை, யாரும் சரிபார்ப்பதற்கு முன்பே, இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வைப்பது. இயற்பியலாளர்கள் ஒரு காலத்தில் கட்டுரை நகல்களைத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இருந்த பால் கின்ஸ்பார்க் 1991-ல் அந்தப் பழக்கத்தைக் கணினிக்கு மாற்றினார், அதுதான் ஆர்க்கைவ். உயிரியலுக்கு பயோஆர்க்கைவ் 2013-லும், மருத்துவத்துக்கு மெட்ஆர்க்கைவ் 2019-லும் வந்தன. இந்தக் களஞ்சியங்களில் வாசல் காவல் உண்டு: கட்டுரை அந்தத் துறையைச் சேர்ந்ததா, பார்வைக்கு ஆய்வுக்கட்டுரை மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முடிவு சரியா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை.

3. சக மதிப்பாய்வு. ஆய்விதழின் ஆசிரியர், கட்டுரையை அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். அவர்கள் சம்பளம் இல்லாமல், பெரும்பாலும் பெயர் சொல்லாமல், குறை நிறை எழுதித் தருவார்கள். சில வாரத்திலும் முடியலாம், ஒரு வருடமும் இழுக்கலாம்.

4. ஆய்விதழ் வெளியீடு. கூடவே பல்கலைக்கழகத்தின் செய்திக்குறிப்பு. நம்மை எட்டும் செய்திகளில் பெரும்பகுதி இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

5. மற்றவர்கள் செய்துபார்ப்பது. சம்பந்தமே இல்லாத இன்னொரு குழு, தன் கருவிகளோடு, அதே முடிவைப் பெறுகிறதா என்பது. இதற்குத் தேதி கிடையாது, விழா கிடையாது. செய்தியும் அனேகமாகக் கிடையாது.

எல்கே-99 இரண்டாம் கட்டத்திலிருந்து நேராக ஐந்தாம் கட்டத்துக்குத் தாவியது. அதுவும் மூன்றே வாரத்தில். ஐந்தாம் கட்டம் இவ்வளவு பேர் பார்க்க நடந்தது அபூர்வம். அந்த வகையில் அதை அறிவியலின் தோல்வி என்று சொன்னவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மதிப்பாய்வு முத்திரை எவ்வளவு தாங்கும்?

"மதிப்பாய்வு செய்யப்பட்டதா?" என்று கேட்கப் பலரும் இப்போது பழகிவிட்டார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த முத்திரையின் எல்லை தெரிந்திருக்க வேண்டும். மதிப்பாய்வாளர் சோதனையைத் திரும்பச் செய்வதில்லை. எழுதியதைப் படித்து, தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறதா, முறையில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கிறார். குடுவையில் என்ன அழுக்கு இருந்தது என்பது காகிதத்தில் தெரியாது.

இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2010 நவம்பர் இறுதியில் நாசா ஓர் அழைப்பு விடுத்தது: வேற்றுலக உயிர்களின் தடயத்தைத் தேடும் முயற்சியைப் பாதிக்கக்கூடிய ஒரு கண்டுபிடிப்பு பற்றிச் செய்தியாளர் சந்திப்பு. அவ்வளவுதான், வேற்றுக்கிரகவாசி கிடைத்துவிட்டார் என்று இணையம் பற்றிக்கொண்டது. டிசம்பர் 2 அன்று விஷயம் வெளியானது. கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் எடுத்த ஒரு நுண்ணுயிர், எல்லா உயிர்களும் டி.என்.ஏ.வில் பயன்படுத்தும் பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்சனிக்கை வைத்துக்கொள்கிறது என்பது கூற்று. வெளியிட்டது சயன்ஸ் ஆய்விதழ். முறைப்படி மதிப்பாய்வு முடிந்த கட்டுரை. இரண்டே நாளில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியலாளர் ரோஸி ரெட்ஃபீல்ட் தன் வலைப்பதிவில் கட்டுரையை வரி வரியாகப் பிரித்து மேய்ந்தார். அவருடைய முக்கியக் கேள்வி எளிமையானது: பிரித்தெடுத்த டி.என்.ஏ.வை நன்றாகக் கழுவினீர்களா? ஒட்டியிருந்த ஆர்சனிக்கைத்தான் உள்ளே இருப்பதாக நினைத்துவிட்டீர்களா? முதலில் இணையத்தில் வந்த கட்டுரை 2011-ல் ஆய்விதழில் அச்சானபோது கூடவே எட்டு விமர்சனக் குறிப்புகளும் அச்சாயின. 2012-ல் அதே இதழில் இரண்டு குழுக்கள் கூற்றை மறுத்தன. கட்டுரையை இதழ் அதிகாரபூர்வமாகத் திரும்பப் பெற்றது 2025 ஜூலையில். அப்போதும் கட்டுரையாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொரு கதை. ரஷ்யக் கணிதவியலாளர் கிரிகோரி பெரல்மான், 2002 நவம்பரிலும் அடுத்த ஆண்டிலுமாக மூன்று கட்டுரைகளை ஆர்க்கைவில் ஏற்றினார். முப்பரிமாண வடிவங்கள் பற்றிய, நூறாண்டு பழைய பாயின்கரே ஊகத்துக்கு நிரூபணம் அவற்றில் இருந்தது. எந்த ஆய்விதழுக்கும் அவர் அனுப்பவே இல்லை. பல குழுக்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து வரி வரியாகச் சரிபார்த்தன. நிரூபணம் நின்றது. 2006-ல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம், 2010-ல் பத்து லட்சம் டாலர் பரிசு. இரண்டையும் வேண்டாம் என்றார் என்பது தனிக் கதை.

மதிப்பாய்வு பெற்றது விழுந்தது, பெறாதது நின்றது. இதிலிருந்து மதிப்பாய்வே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம், பெரல்மான்கள் வரிசையில் நிற்கவில்லை. இரண்டு கதையிலும் தீர்மானித்தது ஒன்றே: விஷயம் தெரிந்த நிறையப் பேர் நீண்ட நேரம் உற்றுப் பார்த்தது. முத்திரை அந்த உற்றுப் பார்த்தலின் தொடக்கம்.

செய்திக்குறிப்பில் என்ன நடக்கிறது?

எலியில் கண்டது மனிதருக்கு என்று ஆவதற்கும், தொடர்பு என்பது காரணம் என்று மாறுவதற்கும் பத்திரிகையாளர்களைத் திட்டுவது வழக்கம். 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு இந்தப் பழியை வேறு இடத்துக்கு நகர்த்தியது. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் உடல்நலம் பற்றி வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை, மூலக் கட்டுரைகளோடும் பிறகு வந்த செய்திகளோடும் ஒப்பிட்டார்கள். 40 சதவீதக் குறிப்புகளில், மூலக் கட்டுரையில் இருந்ததைவிட மிகைப்பட்ட அறிவுரை இருந்தது. குறிப்பில் அந்த மிகை இருந்தால் 58 சதவீதச் செய்திகளில் அது தொடர்ந்தது; குறிப்பு அடக்கமாக இருந்தால் 17 சதவீதத்தில்தான் மிகை தலைகாட்டியது. அதாவது மிகையின் கணிசமான பங்கு செய்தியறையில் சேர்ந்தது இல்லை. பல்கலைக்கழகத்தின் வளாகத்திலிருந்தே புறப்பட்டது. அந்தக் குறிப்புகளை அனேகமாக ஆய்வாளரும் பார்த்துத்தான் அனுப்புவார் என்பது கூடுதல் சங்கடம்.

2019-ல் ட்விட்டரில் ஒரு கணக்கு பிரபலமானது. அது செய்த வேலை, பரபரப்பான மருத்துவச் செய்திகளைப் பகிர்ந்து மேலே ‘எலிகளில்’ என்று ஒரே ஒரு சொல் சேர்ப்பது. இதைவிடச் சிக்கனமான அறிவியல் விமர்சனம் வந்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் தடைநேரம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. செய்தியாளர்கள் எம்பார்கோ என்பார்கள். ஆய்விதழ் கட்டுரையை முன்கூட்டியே செய்தியாளர்களிடம் கொடுத்துவிடும். குறித்த நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்று நிபந்தனை போடும். நேச்சர் இதழுக்கு அது புதன்கிழமை லண்டன் நேரம் மாலை 4 மணி. சயன்ஸ் இதழுக்கு வியாழக்கிழமை அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் 2 மணி. ஒரே கண்டுபிடிப்பு இருபது தளங்களில் ஒரே நிமிடத்தில் முளைப்பதன் ரகசியம் இதுதான். செய்தியாளர் நிதானமாகப் படிக்கவும் வேறு நிபுணரிடம் கருத்துக் கேட்கவும் நேரம் கிடைக்கிறது என்பது ஆதரவாளர்கள் வாதம். ஆர்சனிக் விஷயத்தில் இதன் மறுபக்கம் தெரிந்தது: கட்டுரையைப் படித்துவிட்ட செய்தியாளர்கள் வாயைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது, படிக்காதவர்கள் வேற்றுக்கிரகவாசியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் ஆன்லைனில் இருக்கும்போது மாநாடு எதற்கு?

கட்டுரை இணையத்தில் கிடைக்கிறது. உரையை வீடியோவில் பார்க்கலாம். பிறகும் ஆய்வாளர்கள் ஏன் பறந்துபோய்க் கூடுகிறார்கள்? செலவு செய்பவர்களும் கேட்கும் கேள்வி இது.

பதில் மேடையில் இல்லை, சுவரொட்டி அமர்வில் இருக்கிறது. ஒரு பெரிய கூடம், வரிசை வரிசையாகத் தட்டிகள். ஒவ்வொரு தட்டியிலும் ஆளுயரத் தாளில் ஓர் ஆய்வு. பக்கத்தில் அதைச் செய்தவர், பெரும்பாலும் இளம் ஆய்வு மாணவர். யாரோ ஒருவர் வந்து நிற்பார். கழுத்துப்பட்டையில் பெயரைப் பார்த்தால், மாணவர் தன் கட்டுரையில் ஐந்து முறை மேற்கோள் காட்டிய ஆள். அவர் முன்னுரையைப் படிக்கமாட்டார். நேரே மூன்றாவது படத்தில், அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டும் கோட்டில் விரலை வைத்து, "இந்தப் பிழைக்கோடு ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது? எத்தனை முறை அளந்தீர்கள்?" என்பார். மாணவர் தடுமாறுவார். "நாங்களும் இதைச் செய்துபார்த்தோம், வரவில்லை" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அவர் காப்பியோடு நகர்ந்துவிடுவார். அந்த ஒரு வரி எந்த ஆய்விதழிலும் வராது. தோற்றுப்போன சோதனைகளை இதழ்கள் அனேகமாக அச்சிடுவதில்லை. அவை இப்படி வாய்வழியாகத்தான் பரவுகின்றன. மாநாட்டுக்குப் போகாதவர்கள் அதே சுவரில் இன்னொரு வருடம் முட்டிக்கொள்வார்கள்.

சில சமயம் கூட்டமே தீர்ப்பும் சொல்லும். 1987 மார்ச் 18 அன்று நியூயார்க் ஹில்டன் ஹோட்டலில் அமெரிக்க இயற்பியல் கழகம் அதிவெப்ப மீக்கடத்திகள் (பெயர்தான் அப்படி, குளிர் வேண்டும், முன்பு தெரிந்தவற்றைவிடக் குறைவாக) பற்றி அவசர அமர்வு ஒன்றை வைத்தது. 51 உரைகள், தலைக்கு ஐந்து நிமிடம். அரங்கு நிரம்பி வழிந்ததால் நடைபாதைகளில் தொலைக்காட்சி வைத்தார்கள். விடிகாலை 3.15 வரை நடந்தது. ஒரு குழு சொன்னதை அடுத்த குழு தானும் கண்டதாகச் சொல்லச் சொல்ல, விஷயம் நிஜம் என்று அந்த இரவிலேயே உறுதியானது.

இரண்டே ஆண்டில் எதிர்மாறான காட்சி. 1989 மார்ச் 23 அன்று யூட்டா பல்கலைக்கழகம், சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவைச் சோதனைக் குடுவையிலேயே நடத்திவிட்டதாகச் செய்தியாளர் சந்திப்பில் அறிவித்தது. பான்ஸ், ஃபிளைஷ்மன் என்ற இரு வேதியியலாளர்கள். ஆய்வாளர்கள் கையில் கட்டுரை வருவதற்கு முன்பே செய்தித்தாளில் வந்துவிட்டது. உபகரணத்தின் அளவைத் தொலைக்காட்சிப் படத்தை வைத்து ஊகித்தவர்களும் உண்டு. மே 1 அன்று பால்டிமோரில் அதே இயற்பியல் கழகத்தின் கூட்டம். கால்டெக் உள்ளிட்ட குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, செய்துபார்த்தோம், வரவில்லை என்றன. ‘குளிர் இணைவு’ என்று பெயர் பெற்ற அந்தக் கூற்றின் மவுசு அந்த இரவோடு இறங்கத் தொடங்கியது.

எல்லாக் கூட்டமும் இப்படி ஆயிரம் பேர் கூடுவதல்ல. 1931-ல் தொடங்கிய கோர்டன் ஆய்வு மாநாடுகள் சிறிய வட்டம். ஒரு வாரம் ஒரே இடத்தில் தங்கி, பெரும்பாலும் வெளியாகாத முடிவுகளையே பேசுவார்கள். நிகழ்ச்சி நிரலே இல்லாமல், வந்தவர்கள் வெள்ளைப்பலகையில் தலைப்பு எழுதிக் கூடும் கூடுகைகளும் உண்டு. 2006 முதல் கலிபோர்னியாவில் நடந்த சை-ஃபூ முகாம் அந்த வகை.

மாநாட்டிலிருந்து பதிவு போடலாமா?

இங்கேதான் இணையமும் கூட்டமும் உரசுகின்றன. கூட்டத்தில் சொல்வது அரைவேக்காடு என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அதைப் படம்பிடித்து வெளியே போட்டால் அந்த ‘தெரியும்’ கழன்றுபோகும்.

இதற்குச் சரியான உதாரணம் 2008-ல் நடந்தது. பமேலா என்ற விண்கலக் கருவி, விண்வெளியிலிருந்து வரும் பாசிட்ரான்கள் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்கள்) எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று கண்டிருந்தது. இதுவரை யாரும் நேரடியாகக் காணாத கரும்பொருளின் தடயமாக இருக்கலாம் என்பதால் எல்லோருக்கும் பசி. குழுவினர் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் தற்காலிக வரைபடத்தைத் திரையில் காட்டினார்கள். கூட்டத்திலிருந்த கோட்பாட்டாளர்கள் கேமராவைத் தூக்கினார்கள். படத்திலிருந்து புள்ளிகளை அளந்தெடுத்து, அவற்றை விளக்கும் கட்டுரையை ஆர்க்கைவில் ஏற்றினார்கள். உரையின்போது எடுத்த புகைப்படத்திலிருந்து பெற்ற தரவு என்று அதில் நேர்மையாக எழுதியும் வைத்தார்கள். உழைத்து அளந்தவர்களின் சொந்தக் கட்டுரை நேச்சரில் வந்தது 2009 ஏப்ரலில்தான். அதற்குள் அவர்கள் தரவுக்கு ஊர் விளக்கம் சொல்லி முடித்திருந்தது.

ஆய்வாளர் ஏன் அஞ்சுகிறார் என்பதற்கு இன்னொரு காரணம் 1969-ல் பிறந்தது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஆசிரியர் ஃபிரான்ஸ் இங்கெல்ஃபிங்கர், வேறெங்காவது ஏற்கெனவே வெளியான முடிவை எங்கள் இதழ் ஏற்காது என்றார். மற்ற இதழ்களும் பிடித்துக்கொண்டன. மாநாட்டு உரையையும் முன்பதிப்பையும் இப்போது பெரும்பாலான இதழ்கள் தடையாகக் கருதுவதில்லை. ஆனாலும் பழைய பயம் முழுதாகப் போகவில்லை.

இன்று மாநாடுகள் பொதுவாக மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கின்றன:

1. முழுத் தடை. கோர்டன் மாநாடுகள் இப்படி. உரையைப் பதிவுசெய்வதோ, சுவரொட்டியைப் படமெடுப்பதோ, கேட்டதை வெளியே சொல்வதோ கூடாது.

2. திறந்த கதவு, விலக்கு கேட்டால் உண்டு. உரையாற்றுபவர் ஸ்லைடின் மூலையில் கேமராவுக்குக் குறுக்குக்கோடு போட்ட சின்னம் வைத்தால் படம் எடுக்கக் கூடாது. எனக்கு நியாயமாகப் படுவது இதுதான். முடிவெடுக்கும் உரிமை உழைத்தவரிடம் இருக்கிறது.

3. ஒன்றும் சொல்லாமல் விடுவது. சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்.

திறந்தவெளியில் நடக்கும் சரிபார்ப்பு

இணையம் வேகத்தை மட்டும் கூட்டவில்லை. ஆய்வு செய்யும் முறையையே சில இடங்களில் மாற்றியிருக்கிறது. 2009 ஜனவரியில் கணிதவியலாளர் டிமதி கவர்ஸ் தன் வலைப்பதிவில் ஒரு கடினமான கணக்கை வைத்து, எல்லோரும் சேர்ந்து போட முடியுமா என்று கேட்டார். அரைகுறை யோசனையையும் தயங்காமல் எழுதலாம் என்பது விதி. 37 நாட்களில் 27 பேர் சுமார் 800 பின்னூட்டங்கள் எழுதினார்கள், கணக்குக்கு விடை கிடைத்தது. கட்டுரை டி.எச்.ஜே. பாலிமத் என்ற கூட்டுப் புனைபெயரில் வெளியானது. அங்கே ஒரு யோசனை பிறந்து, அடிபட்டு, வேறு வடிவில் திரும்பி வருவதைத் தேதிவாரியாகப் படிக்கலாம். வழக்கமான கட்டுரையில் அந்தத் தடம் துடைக்கப்பட்டிருக்கும்.

தவறு பிடிப்பதிலும் இணையம் கெட்டிக்காரர்தான். 2014 ஜனவரியில் ஜப்பானின் ரிக்கன் நிறுவனக் குழு, சாதாரண செல்களை மெல்லிய அமிலத்தில் முக்கினால் அவை எதுவாகவும் மாறக்கூடிய குருத்தணுக்களாகும் என்று நேச்சரில் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டது. பப்பியர் என்ற தளத்தில் பெயரில்லாத வாசகர்கள் படங்களில் கோளாறைக் கண்டார்கள். இன்னொரு வலைப்பதிவில், செய்துபார்த்தவர்கள் வரவில்லை வரவில்லை என்று பட்டியல் போட்டார்கள். ஜூலையில் இரண்டு கட்டுரைகளும் திரும்பப் பெறப்பட்டன. ஆர்சனிக் கட்டுரைக்குப் பதினாலு ஆண்டு ஆனது என்பதை நினைத்தால் இது மின்னல் வேகம்.

ஆனால் திருத்தம் வேகமாக வருவதும் திருத்தம் போய்ச்சேருவதும் வேறு. 2020 ஜனவரி 31 அன்று, புதிய கொரோனா வைரசில் எச்.ஐ.வி.யை ஒத்த துண்டுகள் இருப்பதாக ஒரு முன்பதிப்பு பயோஆர்க்கைவில் வந்தது. அத்துண்டுகள் மிகச் சிறியவை, வேறு எத்தனையோ உயிர்களிலும் இருப்பவை என்று துறைசார்ந்தவர்கள் உடனே எழுதினார்கள். பிப்ரவரி 2 அன்று கட்டுரையாளர்களே அதை விலக்கிக்கொண்டார்கள். முறைப்படி பார்த்தால் சரிபார்ப்பு அருமையாக வேலை செய்தது. ஆனால் வைரஸ் ஆய்வகத்தில் செய்யப்பட்டது என்ற வதந்திக்கு அந்த இரண்டு நாள் போதுமானதாக இருந்தது. விலக்கிய செய்தியை யார் ஃபார்வர்டு செய்வார்கள்?

எண்ணிக்கையை வைத்து மயங்கவும் கூடாது. ஒரு கட்டுரையைச் சமூக ஊடகத்தில் எத்தனை பேர் பேசினார்கள் என்று கணக்கிடும் மதிப்பெண்கள் உண்டு. அவை அளப்பது கவனத்தை. தரமான கட்டுரைக்கும் அது வரும், எல்லோரும் திட்டும் கட்டுரைக்கும் வரும்.

இந்தப் பேச்சு நடக்கும் திண்ணை யாருக்குச் சொந்தம் என்பதும் முக்கியம். பத்தாண்டுக்கு மேல் அந்தத் திண்ணை ட்விட்டர். 2022-ல் அது கைமாறி, 2023-ல் எக்ஸ் என்று பெயர் மாறி, ஆய்வுக்காக இலவசமாகத் தந்துவந்த தரவு வழியையும் மூடியது. ஆய்வாளர்கள் சிலர் மாஸ்டடானுக்கும், 2024-ல் எல்லோருக்கும் திறந்த புளூஸ்கைக்கும், இன்னும் சிலர் லிங்க்ட்இனுக்கும் போனார்கள். கூட்டம் சிதறியதில், தற்செயலாக வந்து மூக்கை நுழைக்கும் வேறு துறை ஆள் குறைந்துபோனார். எல்கே-99 கதையில் பயன்பட்டது அந்த ரக மூக்குதான்: செம்பு சல்பைடின் குணம் ஏற்கெனவே தெரிந்த வேதியியலாளர், அந்த வெப்பநிலையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

பொதுமக்களுக்கான மேடைகள்

ஆய்வாளர் பொதுமக்களோடு பேசும் நிகழ்வுகள் புதியவை அல்ல. லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷன் 1825-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் இன்றும் நடக்கின்றன. 1998-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் காபிக்கடை அறிவியல் அரட்டை தொடங்கியது. 2013 மே மாதம் லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று நகரங்களின் மதுக்கூடங்களில் ஆய்வாளர்களைப் பேசவைத்த ‘பைன்ட் ஆஃப் சயன்ஸ்’ பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-ல் ஆரம்பித்த மூன்று நிமிடப் போட்டியில், ஆய்வு மாணவர் ஒரே ஒரு அசையாத ஸ்லைடோடு, மூன்று நிமிடத்துக்குள் தன் ஆய்வைச் சொல்ல வேண்டும்.

இவற்றில் சமமான பயன் இல்லை என்பது என் கணிப்பு. மூன்று நிமிடப் பேச்சால் அதிகம் கற்றுக்கொள்வது பேசும் மாணவர்தான். எதை விட வேண்டும் என்று அவருக்குப் பிடிபடுகிறது. கேட்பவருக்குக் கிடைப்பது ஓர் இனிய சித்திரம், பளிச்சென்ற முடிவோடு. மேசை போட்டு ஒரு மணி நேரம் கேள்வி கேட்க விடும் நிகழ்வுகளில்தான், "அது இன்னும் தெரியாது" என்று ஆய்வாளர் சொல்வதைப் பொதுமக்கள் நேரில் கேட்கிறார்கள்.

செய்தியைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை

1. எந்தக் கட்டம்? மாநாட்டு உரையா, முன்பதிப்பா, ஆய்விதழா? செய்தியில் இதைச் சொல்லாவிட்டால் அதுவே ஒரு குறிப்பு.

2. எதில் செய்தது? செல்லிலா, எலியிலா, மனிதரிலா. மனிதர் என்றால் எத்தனை பேர்?

3. ஆய்வில் சேராத ஒருவரின் கருத்து செய்தியில் இருக்கிறதா? தடைநேரத்தின் பயனே அதுதான். இல்லை என்றால் செய்திக்குறிப்பை அப்படியே போட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

4. செய்தவர்களே எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? துகள் இயற்பியலில் கண்டுபிடிப்பு என்ற சொல்லுக்கு ஐந்து சிக்மா வேண்டும். புதிதாக ஒன்றுமே இல்லாதபோது தற்செயலாக அப்படி ஒரு குறி தெரிய வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்று என்று பொருள். 2012 ஜூலை 4 அன்று ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது அந்தக் கோட்டைத் தொட்டிருந்தார்கள்.

நான்காவது கேள்வியைக் கேட்கத் தவறியதால் துறைக்காரர்களே அலைந்ததும் உண்டு. 2015 டிசம்பர் 15 அன்று அதே செர்னில் இரண்டு குழுக்களும், 750 கிகா எலக்ட்ரான்வோல்ட் என்ற ஆற்றலுக்கு அருகே, புதிய துகளின் அறிகுறியாக இருக்கக்கூடிய ஒரு மேடு தரவில் தெரிகிறது, ஆனால் கண்டுபிடிப்பு என்று சொல்லப் போதாது என்றன. முதல் பாதிதான் எல்லோர் காதிலும் விழுந்தது. எட்டு மாதத்துக்குள் அந்த மேட்டை விளக்கி சுமார் 500 கட்டுரைகள் எழுதப்பட்டன. 2016 ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் இரு குழுக்களும் புதிய தரவைத் திரையில் போட்டன. மேடு இருந்த இடம் சமதளமாக இருந்தது.